டீசலின் நாலாவது கால்

கோட்டுச்சேரியில் ஜெயமேரியைத் தெரியாத வீடு கிடையாது. தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரை வரை வெயிலிலும் மழையிலும் நடந்தே போய் வந்தவர். சைக்கிளில் வருபவர்களே அவரை முந்தத் திணறுவார்கள் என்று ஊரில் பேச்சு உண்டு. அந்தப் பேச்சில் அவருக்கும் பெருமைதான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவருஷமே இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், தொடைத் தசைக்குப் பலம் வந்தால் வலி குறையும், தினமும் கொஞ்சமாவது நடங்கள் என்றார். ஜெயமேரி நடக்கவில்லை. வலி ஒரு காரணம்தான். தான் நொண்டிப் போவதை ஊர் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் பெரிய காரணம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகக்கூட வாசலில் ஆட்டோ வந்து நிற்க வேண்டும்.

மகள் ஆன்லின் கால்நடை மருத்துவர். கடைத்தெருவில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தாள். அம்மாவிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு கட்டத்தில் விட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் நெல்சன் தன் நாயைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். கீழவாஞ்சூர் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிப்போகும் லாரிக்காரர். தனி ஆள். நாயின் பெயர் டீசல். லாப்ரடார் கலப்பு, கரிய நிறம். பின்னங்கால் ஒன்றின் இடுப்பு மூட்டு தேய்ந்து எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருந்தன. மாத்திரை எதற்கும் வலி அடங்கவில்லை. ஆன்லின் ஆபரேஷன் செய்து, உரசிக்கொண்டிருந்த தொடை எலும்பின் தலையை எடுத்துவிட்டாள். இனி சுற்றியுள்ள தசைதான் அந்தக் காலைத் தாங்க வேண்டும். அதற்கு நாய் காலை ஊன்றி நடந்தாக வேண்டும். நெல்சன் லோடு ஏற்றிக்கொண்டு சேலம், திருச்சி என்று போகிறவர். அதனால் டீசல் ஆன்லின் வீட்டிலேயே தங்கியது.

தையல் பிரித்த பிறகும் அது காலை ஊன்றவில்லை. ஆன்லின் சாயங்காலம் கயிற்றைப் பிடித்து நடத்துவாள். நாய் மூன்று காலில் குதித்துக்கொண்டே கூட ஓடும். நாலாவது கால் காற்றில் மடங்கித் தொங்கும். தசை நாளுக்கு நாள் சூம்பிக்கொண்டே வந்தது. ஆன்லின் கவலைப்பட ஆரம்பித்தாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஜெயமேரி ஒருநாள் எழுந்து முற்றத்துக்கு வந்தார்.

"நீ ஓடுற. அது எப்படிக் காலை ஊனும்? இங்க குடு."

"மெதுவாத்தாம்மா நடக்குறேன்."

"இது மெதுவா?"

கயிற்றை வாங்கிக்கொண்டு அவர் தம்மால் முடிந்த வேகத்தில் நடந்தார். ஓர் அடி வைத்து, நின்று, மறு அடி. குதிக்க வேகம் இல்லாமல் டீசல் தடுமாறியது. சுவர் வரை போய்த் திரும்பும்போது அந்தக் கால் தரையைத் தொட்டது. லேசாகத்தான். ஆனால் தொட்டது. ஆன்லின் குனிந்து பார்த்துவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். நான் எவ்வளவு முயன்றும் வராத வேகம்மா இது, என்றாள்.

வீட்டு முற்றம் சில நாளிலேயே போதாமல் போனது. நீளமாக நேரே நடக்க வேண்டும், அதற்குத் தெருதான் சரி என்று ஆன்லின் சொன்னாள். ஜெயமேரி கேட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். டீசல் அண்ணாந்து அவரையே பார்த்தது. தாழ்ப்பாளைத் திறந்தார்.

தெரு பார்க்கத்தான் செய்தது. டீக்கடையில் பேச்சு நின்றது. தையல்கடை முகைதீன் பிச்சை மிஷினை நிறுத்திவிட்டு, நாய்க்குக் காலில் என்ன என்று கேட்டார்.

"மூட்டு தேஞ்சுபோச்சு பாய்," என்றார் ஜெயமேரி. "எனக்கும் அதேதான். ரெண்டு பேரும் நடந்து தேத்திக்கிறோம்."

சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. முகைதீன் பிச்சை சிரிக்கவில்லை. நல்லதும்மா, நடங்க என்று சொல்லிவிட்டு மிஷினை மிதித்தார்.

அதன்பின் இருவரும் காலையும் மாலையும் போனார்கள். கால் வீங்கிய நாட்களில் இருவருக்கும் ஐஸ் ஒத்தடம், இருவருக்கும் ஓய்வு. டீசலின் தொடையை ஆன்லின் டேப் வைத்து அளந்தபோது, எனக்கும் அளந்து பார் என்று ஜெயமேரி காலை நீட்டினார். இருவருக்கும் தொடையில் சதை கூடியிருந்தது.

நெல்சன் நாயை அழைத்துப்போக வந்த அன்று, கோட்டுச்சேரிமேட்டுச் சாலையில் ஜெயமேரியோடு நாலு காலையும் ஊன்றி வந்த டீசலைக் கண்டு லாரியிலிருந்து இறங்கி அப்படியே நின்றார். கூடவே வந்த ஆன்லினைப் பார்த்துக் கை கூப்பினார்.

"ஆபரேஷன் நான் பண்ணேன். நடக்க வெச்சது எங்கம்மா," என்றாள் அவள்.

 ஜெயமேரி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் காரைக்காலிலிருந்து பெனிட்டா என்ற டீச்சர் ஒரு பொமரேனியனோடு கிளினிக்குக்கு வந்தார். அதற்கு முழங்காலில் கோளாறு. ஆன்லின் பரிசோதித்துவிட்டு, இதை நடத்திப் பழக்க ஒருத்தர் இருக்கிறார் என்று சொல்லி வீட்டுக்குப் போன் செய்தாள்.

ஆட்டோ அனுப்பவா என்று கேட்டதற்கு ஜெயமேரி வேண்டாம் என்றார். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, பட்டப்பகலில், சனம் நிறைந்த கடைத்தெருவின் நடுவே சற்று நொண்டியபடி நிமிர்ந்து வந்தார். கேட்டவர்களுக்கெல்லாம், கிளினிக்கில் வேலை இருக்கிறது என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.