நான்காம் பக்கத்து வேன்

வசந்தம் வந்துவிட்டதென்று மரங்களுக்குத் தெரிகிறதோ இல்லையோ, நகரசபைக்குத் தெரிந்துவிடும். குளிர் முழுசாக விட்டிருக்காது, அதற்குள் வீட்டுக்கு வீடு தபால் பெட்டியில் வசந்தச் செய்திமடல் வந்து விழும். பூங்கா எத்தனை மணி வரை திறந்திருக்கும், தோட்டக் குப்பையை எந்தக் கிழமை எடுப்பார்கள், நாய்க்கு எங்கே ஊசி போடுவார்கள், நீச்சல் குளம் எப்போது திறக்கும், எல்லாம் அதில் இருக்கும். முன்பக்கத்தில் மேயர் ஒரு மரக்கன்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். போன வருஷமும் அதே கோட்டு, அதே சிரிப்பு, கன்றுதான் வேறு. பழைய கன்று பட்டுப்போயிற்று. அதைப் பற்றி எந்த இதழிலும் ஒரு வரி வரவில்லை.

அந்த மடலைத் தயாரிப்பவளுக்கு ஆபீசில் 'நோட்டீஸ்' என்று பெயர். யாரோ கேலிக்கு வைத்தது, ஒட்டிக்கொண்டது. அவளும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். ஜெராக்ஸ் மெஷினுக்கும் கை கழுவும் தொட்டிக்கும் நடுவில் அவள் மேஜை. புகார் போனும் அதன் மேல்தான் இருந்தது. மடலும் அவளே, மடலுக்கு வருகிற வசவும் அவளுக்கே. "நீயே சமைச்சு நீயே திட்டு வாங்கிக்கறே, வேற யாருக்கும் தொந்தரவு இல்ல" என்பாள் பக்கத்து மேஜை டைப்பிஸ்ட்.

மடல் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. போன வருஷத்து இதழை எடுத்து, தேதிகளை மாற்றி, புதிதாக வந்ததைச் சேர்த்து, நின்றுபோனதை எடுத்துவிட வேண்டும். ஆனால் நின்றுபோனதை 'நின்றுபோனது' என்று மட்டும் போடக் கூடாது. அது மேலாளர் போட்ட சட்டம். "வசந்த இதழ்ல ஒப்பாரி வேண்டாம்மா. எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு பூவைப் போட்டுடு." அப்படித்தான் தையல் வகுப்பு போய் அங்கே ஒரு பூ வந்தது. கிளை நூலகத்தின் சனிக்கிழமை போய் இன்னொரு பூ வந்தது. பக்கத்துக்குப் பக்கம் பூவாகப் பூத்திருந்தால் ஊரில் பாதி காணாமல் போய்விட்டது என்று அர்த்தம். படிக்கிறவர்கள் மட்டும் "இந்த வருஷம் மடல் ரொம்ப அழகா இருக்கு" என்று போன் பண்ணிச் சொல்வார்கள். அவளும் நன்றி சொல்லி வைப்பாள்.

இந்த வருஷம் மேலாளர் டீ கோப்பையோடு வந்து மேஜை ஓரத்தில் சாய்ந்துகொண்டார்.

"நாலாம் பக்கத்துல ஆஸ்பத்திரி வேன் இருக்குல்ல? அதை எடுத்துடு."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். செவ்வாயும் வெள்ளியும் காலையில் அவள் குடியிருப்புக்கு எதிரே கடை வாசலில் வந்து நிற்கிற வேன் அது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு, உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போகிற வயசானவர்களை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும். முழங்கால் அறுவை செய்துகொண்ட அவள் அம்மா அதில்தான் போனாள். இடுப்பு எலும்பு முறிந்த கீழ் வீட்டு டீச்சர் போனார். கடைக்காரப் பெரியவர் போனார். படி தாழ இறங்கி வருகிற வேன் ஊரிலேயே அது ஒன்றுதான்.

"அவங்கல்லாம் எப்படி சார் போவாங்க?"

"பஸ் இருக்கே."

"ரெண்டு பஸ் மாறணும் சார். பாதிப் பேரால பஸ் படியே ஏற முடியாது."

"பாரும்மா, கவுன்சில்ல முடிவு பண்ணியாச்சு. ரெண்டு வாரம் நிறுத்திப் பாத்துட்டு, அடுத்த கூட்டத்துல கையெழுத்துப் போட்டு மூடிடுவாங்க. அதுக்குள்ள யாராவது கத்தினா உண்டு. யாரு கத்தப் போறா?" மேலாளர் டீயை உறிஞ்சினார். "நல்ல பூவா பாத்துப் போடு."

அந்த ஆளுக்கு வாய் சும்மா இருக்காது. ஆனால் அன்று அவர் வாயிலிருந்து விழுந்தது அவள் காதில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. யாராவது கத்தினால் உண்டு. மனு எழுதினால் ஆறப் போடுவார்கள், அவளுக்குத் தெரியும். எத்தனை மனு அவள் கண்ணெதிரிலேயே தூசி தின்றிருக்கிறது. ஆனால் நகரசபையே அச்சடித்துக் கொடுத்த மடலைக் கையில் வைத்துக்கொண்டு, நடக்க முடியாத ஜனங்கள் தெருவில் நின்று ஏமாந்தால்? போன் அடித்து அடித்துக் காது கிழிந்துவிடாதா? கவுன்சிலர்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க மாட்டார்களா?

அவள் வேனை எடுக்கவில்லை. அதே கிழமை, அதே நேரம், அதே கடை வாசல், எல்லாம் போன வருஷம் இருந்தபடியே இருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. நகரசபை ஆளே ஜனங்களைத் தூண்டிவிட்டாள் என்று வெளியே தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். மேலாளர் முன்பக்கத்தை மட்டும் பார்த்தார். "மேயருக்குக் கண்ணு மூடியிருக்கு, வேற படம் போடு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வேன் வராத முதல் செவ்வாய்க்கு முந்தின சாயங்காலம் அம்மாவிடம் சொன்னாள்.

"நாளைக்கு வேன்ல போக வேண்டாம்மா. தம்பி கார்ல கூட்டிட்டுப் போவான்."

"எதுக்குடி, அவன் பொழப்பைக் கெடுத்துக்கிட்டு?"

"சொன்னா கேளும்மா."

"அப்ப டீச்சரையும் ஏத்திக்கலாம். பாவம், அந்த வேன்ல தூக்கித் தூக்கிப் போடுது."

"வேண்டாம். பின் சீட்டு பூரா அவன் சாமான் இருக்கு."

தம்பி காரின் பின் சீட்டில் ஒரு துரும்பு கிடையாது. ஆனால் டீச்சர் அங்கே நின்றாக வேண்டும். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். அவர் ஒரு வார்த்தை கேட்டால் மேயரே எழுந்து நிற்பார். அம்மா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மாத்திரையை விழுங்கினாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து மழை. சும்மா தூறல் இல்லை, எலும்புக்குள் இறங்குகிற வசந்த மழை. அவள் சீக்கிரமே ஆபீசுக்குப் போய்ப் போன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். போன் அடித்தது. நீச்சல் குளத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்குமா என்று ஒருவர் கேட்டார். எதிர்வீட்டு நாய்க்கு ஊசி போட்டார்களா என்று விசாரித்துச் சொல்ல முடியுமா என்றார் இன்னொருவர். மூன்றாம் பக்கத்துப் பூவின் பெயர் கேட்டு ஒரு அம்மாள் விடாமல் பேசினாள். வேனைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

டைப்பிஸ்ட் தாமதமாக வந்து குடையை உதறினாள். "உங்க பக்கம் கடை வாசல்ல பெரியவங்கல்லாம் குடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்களே, என்ன விசேஷம்?"

அவள் போனைப் பார்த்தாள். கடைக்கு ஒரு போன் பண்ணினால் அவர்களை உள்ளே உட்கார வைத்துவிடுவார்கள். அவள் பண்ணவில்லை. நிற்கட்டும், ஒரு நாள் நின்றால்தான் விடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெள்ளிக்கிழமையும் வேனுக்காக ஒரு போன் வரவில்லை. அடுத்த செவ்வாயும் போன் நாய்க்கும் பூவுக்குமாகவே அடித்தது. சரியான ஜனங்கள், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர்கள் என்று அவளுக்கு அவர்கள் மேலேயே ஆத்திரம் வந்தது.

கூட்டத்து நாள் காலையில் மேலாளர் மடலும் கையுமாக வந்தார். மடலில் வேன் இன்னும் இருப்பதை வேன் டிரைவர் போட்டுக் கொடுத்திருந்தான். வேலை போயிற்று என்று அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆனால் மேலாளர் அவளையும் கூட்டத்துக்கு அழைத்துப் போனார்.

அங்கே எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "ஐயா, வேன் ஓடுதுன்னு மடல்ல தவறுதலா அச்சாயிடுச்சு. ஓடலை. ஓடுதுன்னு போட்டும் ஓடலை, ஆனா எங்க ஆபீசுக்கு ஒரு போன் வரலை. இதோ, போன் எடுக்கறவங்களே இருக்காங்க, கேளுங்க. வேன் தேவைப்பட்டிருந்தா ஜனங்க சும்மா இருந்திருப்பாங்களா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். போன் வந்ததா என்று மேயர் கேட்டார். வரவில்லை என்றாள். வேறென்ன சொல்வாள்? வேனைப் பூங்காத் துறைக்கு, மரக்கன்று ஏற்றிப் போக, கொடுத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். வெளியே வந்ததும் மேலாளர், "தெரியாம செஞ்சாலும் நல்ல காரியம் செஞ்சே. இல்லேன்னா இன்னும் ஒரு மாசம் இழுத்திருப்பாங்க" என்றார். தட்டிக்கொடுக்காத குறை.

சாயங்காலம் நேராக டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினாள். மனசில் அவ்வளவு கொதிப்பு. ஒரு போன், ஒரே ஒரு போன் பண்ணுவதற்கென்ன கேடு என்று கேட்டுவிடுவது என்றுதான் வந்தாள். டீச்சரின் மருமகள் திறந்தாள். டீச்சர் கட்டிலில் இருந்தார். குச்சி ஊன்றி சமையலறை வரை போய்வந்துகொண்டிருந்தவர், இப்போது தலையணையில் சாய்த்து வைத்தபடி கிடந்தார். பயிற்சி இல்லாமல் இடுப்பு இறுகிவிட்டதாம். மழையில் நின்றதில் சளி வேறு.

"வாம்மா, உக்காரு. உனக்கு ஒண்ணும் பிரச்னை இல்லையே?"

"எனக்கென்ன டீச்சர்?"

"இல்ல, மடல்ல நாள் தப்பா விழுந்துடுச்சே. அதான் கவலையா இருந்தது." டீச்சருக்கு இருமல் வந்தது, அடங்கும் வரை கையைக் காட்டி நிறுத்தினார். "கடைக்காரர் அன்னைக்கே நகரசபைக்குப் போன் போடறேன்னு கிளம்பினார். நான்தான் பிடிச்சு நிறுத்தினேன். அச்சடிச்சது யாரு, நம்ம மாடி வீட்டுப் பொண்ணு. போன் போட்டா முதல்ல அவ தலைதானே உருளும்? நாலு நாள் பயிற்சிக்குப் போகலேன்னா செத்தா போயிடுவோம்னு சொன்னேன். எல்லாரும் சரின்னுட்டாங்க. யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு பேசி வெச்சுக்கிட்டோம்."

அவளால் உட்கார முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. வேன் இனி வராது என்று சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"அது தப்பா விழல டீச்சர். தெரிஞ்சேதான் விட்டேன். ஏமாந்து நின்னா நீங்கல்லாம் சண்டைக்கு வருவீங்க, வேனைத் திரும்பக் கொடுத்துடுவாங்கன்னு நினைச்சேன்."

மருமகள் கொண்டுவந்த வெந்நீரை டீச்சர் வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்போமே."

டீச்சர் வெந்நீரைக் கட்டிலோரம் வைத்தார்.

"அதான் அன்னைக்கு உங்கம்மா மட்டும் கார்ல போனாங்களா" என்றார் டீச்சர். குரலில் கோபமே இல்லை. போர்வையை இழுத்துவிடச் சொல்லி மருமகளைக் கூப்பிட்டார்.