ஒன்பதாவது நிறுத்தம் என் வீடு

என் வீட்டுக்குப் போக நான் டிக்கெட் எடுக்க வேண்டும். நடைச் சுற்றுலா, சைக்கிள் சுற்றுலா என்று இரண்டு உண்டு. இரண்டிலும் என் வீடு ஒன்பதாவது நிறுத்தம். எட்டாவது, ஆற்றுப் படித்துறை. பத்தாவது, ஒரு புளியமரம். புளியமரத்துக்கு முன்னால் வைத்தார்களே என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

எல்லாம் என் வாயால் வந்த வினை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

எங்கள் ஊர் சேந்தன்துறையில் யாரும் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டார்கள். கடைக்குப் போனாலும் சரி, கக்கூசுக்குப் போனாலும் சரி, ‘போயிட்டு வாரேன்’தான். அன்று காலை ஏழு இருபதுக்கு நான் ‘போறேன்’ என்று சொன்னேன். கொல்லைக் கதவுக்கு எட்டு மாதமாகத் தாழ்ப்பாள் இல்லை, செங்கல்லை முட்டுக்கொடுத்துக் காலம் தள்ளுகிறோம் என்று என் மனைவி உலகம்மாள் ஆரம்பித்தாள். காப்பியைப் பாதியில் வைத்தேன். “போறேன்” என்றேன். நேராக இரும்புக் கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாளும் நாலு ஸ்குரூவும் வாங்கினேன். எனக்கு ரோஷம் ஜாஸ்தி.

திரும்பி வந்தால் தெருமுனையில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்குப் பின்னால் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு அதிகாரி. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மேசைக்கு மாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

“பேரு?”

“பால்வண்ணன். ஒன்பதாம் நம்பர் வீடு. கயித்த அவுருங்க.”

அவர் நோட்டைப் புரட்டினார்.

“ஏழு இருவதுக்கு ‘போறேன்’னு சொல்லியிருக்கிய.”

“கோவத்துல சொன்னது.”

“கோவத்துக்குன்னு தனிக் கட்டம் கிடையாது. ‘போயிட்டு வாரேன்’னா ஊர்க்காரரு. ‘போறேன்’னா போயிட்டாரு. நாங்க எழுதிட்டோம்.”

“நான் இங்கதான நிக்கேன்?”

“நிக்கியதான். யாரு இல்லைன்னா? வெளியூர்க்காரங்க நாலு பேரு நிக்கத்தான் செய்வாவ.”

 இதைத் திருத்த வழியே இல்லையா என்று கேட்டேன். வழி இருக்கிறது என்றார். என் வீட்டு வாசலில் நின்று நான் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்ல வேண்டும். வீட்டு ஆள் ‘வாங்க’ என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் நோட்டில் அடித்து எழுதிவிடுவார்கள். பன்னிரண்டு மணிக்கு நோட்டு மேலிடத்துக்குப் போய்விடும். அதற்கப்புறம் யார் ‘வாங்க’ என்றாலும் செல்லாது.

“அவ்வளவுதானே, விடுங்க. ஓடிப்போய்ச் சொல்லிட்டு ஓடி வந்திருதேன்.”

“ஊர்ல இல்லாதவரு ஊருக்குள்ள எப்படி ஓடுவாரு? டிக்கெட் எடுங்க.”

நடைச் சுற்றுலா பத்தரைக்குத்தான். சைக்கிள் உடனே கிளம்புகிறது என்றார்கள். சைக்கிளில் ஏறினேன்.

பதினொரு பேர் மஞ்சள் தொப்பி போட்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். கூட்டிப்போகிறவள் ஆவுடையம்மாள். எதிர்வீட்டுப் பெண். அவள் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்டவனே நான்தான். சித்தப்பா, சித்தப்பா என்று உயிரை விடுவாள்.

“ஏளா ஆவுடை, நல்லவேளை நீ வந்தே” என்றேன்.

“சார், தொப்பிய நேரா போடுங்க” என்றாள்.

சைக்கிள் சுற்றுலாவுக்கு ஒரே விதி. கால் ஊன்றக்கூடாது. நடந்தால் ஊர் நீளும், மிதித்தால் ஊர் சுருங்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தபாலாபீஸ், பள்ளிக்கூடம், மரக்கடை மூன்றும் ஒரே மிதியில் போய்விட்டன. ஆறு ஒரு முழம்தான் இருந்தது. ஒரு தொப்பிக்காரர் அதைப் போட்டோ எடுப்பதற்குள் அதுவும் முடிந்துவிட்டது.

என் வீடு வந்தது. நான் மணியை விடாமல் அடித்தேன். உலகம்மாள் வாசலுக்கு வந்தாள்.

“உப்பா?” என்றாள். எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் மணியடித்து வருகிறவன் உப்புக்காரன்தான்.

“நான்தான் உலகு!”

“கல்லுப்பா, தூளுப்பா?”

அதற்குள் புளியமரம் வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. காலை ஊன்றியிருக்கலாம். கூட வந்த பதினொரு பேரும் ஊன்றாமல் வரும்போது நான் மட்டும் எப்படி ஊன்றுவது?

பத்தரைக்கு நடைச் சுற்றுலா. அதே ஆவுடையம்மாள். தெரு நீண்டுகொண்டே போனது. தபாலாபீஸைத் தாண்டவே நாற்பது நிமிஷம் ஆயிற்று. நான் முந்தப் பார்த்தேன். முந்தினால் தெரு இன்னும் நீளும் என்று பின்னால் வந்த ஒரு அம்மாள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிறகு தன் பையை என்னிடம் கொடுத்துத் தூக்கி வரச் சொன்னாள்.

படித்துறையைத் தாண்டியதும் ஆழ்வாரப்பன் நின்றான். பக்கத்து வீட்டுக்காரன். அவன் தகவல் பலகை ஆகிவிட்டிருந்தான். இரண்டு கால்களையும் மண்ணில் புதைத்திருந்தார்கள், மார்பில் நீல பெயின்ட். ஊரார் விஷயத்தை ஊருக்கெல்லாம் சொல்லியே வயிறு வளர்த்தவன். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அவன் மார்பில் எழுதியிருந்ததைப் படித்தேன். ‘ஒன்பதாவது நிறுத்தம். இங்கு வாழ்ந்தவர் தாழ்ப்பாள் போடாதவர்.’

“வே ஆழ்வாரப்பா, நான் போட மாட்டேன்னா சொன்னேன்? வாங்கிட்டு வந்திருக்கேன், பாரும்.”

“தெரியும் வே.”

“பெறவு அதையும் எழுத வேண்டியதுதான?”

“எடம் இல்ல” என்றான். முதுகுப் பக்கம் முழுக்கக் காலியாகத்தான் இருந்தது.

ஆவுடையம்மாள் கொடியைத் தூக்கினாள். “எல்லாரும் இங்கன பாருங்க. இந்த வீட்டுக்காரரு இன்னைக்குக் காலையில போயிட்டாரு.”

“அடப்பாவமே” என்றார்கள். தொப்பியைக் கழற்றினார்கள். நானும் கழற்றினேன்.

“நல்ல மனுசரா?” என்று கேட்டாள் பைக்கார அம்மாள்.

ஆவுடையம்மாள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். “சொல்லிக்கிடுதாப்ல ஒண்ணும் இல்ல” என்றாள். பந்தல்கால் நட்ட கைக்கு இதுதான் கூலி.

வாசலில் உலகம்மாள் நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொருவரையும் “வாங்க, வாங்க” என்றாள். என்னையும் “வாங்க” என்றாள். எனக்கு உயிர் வந்தது. ஆவுடையம்மாளைத் திரும்பிப் பார்த்தேன்.

“அது உள்ள வரும்போது சொல்லுத வாங்க. செல்லாது. வெளிய போகும்போது சொல்லணும்” என்றாள்.

உள்ளே என் நாற்காலியைச் சுற்றிக் கயிறு. துணிக்கொடியில் என் கைலி. அதன் கீழே ஒரு அட்டை: ‘தொடாதீர்கள், கோபப்படுவார்.’ நான் பாதி குடித்த காப்பி அப்படியே இருந்தது. இன்னும் ஆவி பறந்தது. ஒரு தொப்பிக்காரர் விரலை விட்டுப் பார்த்து, சூடாக இருக்கிறது என்று மற்றவர்களுக்குச் சொன்னார்.

நான் உலகம்மாளை அடுப்படி ஓரமாக ஒதுக்கினேன். சட்டைப் பையிலிருந்து தாழ்ப்பாளை எடுத்தேன்.

“ஏளா, பாரு. வாங்கிட்டு வந்துட்டேன்.”

“அதுல போடுங்க” என்றாள். மூலையில் ஒரு ஓலைக் கடவப்பெட்டி நிறைய தாழ்ப்பாள்கள் கிடந்தன. “வாரவுக எல்லாம் ஒண்ணு கொண்டு வாராவ. நேத்து வந்தவரும் இதத்தான் சொன்னாரு.”

“நேத்தா? நான் இன்னைக்குக் காலையிலதான போனேன்?”

“அது உங்களுக்கு.”

“உலகு, என்னைத் தெரியலையா?”

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். அவசரமே இல்லாமல் துடைத்தாள்.

“தெரியாம என்ன? இருவத்திரெண்டு வருசமா இந்த வீட்டச் சுத்திப் பாத்துக்கிட்டுதான இருந்திய? காப்பி குடிச்சிய, சாப்பிட்டிய, சுத்திப் பாத்திய. போன வருசம் எனக்குக் காய்ச்சல் வந்து கெடந்தேனே, அப்பவும் வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டுத்தான போனிய? அன்னைக்குத் தொப்பி மட்டுந்தான் இல்ல.”

 அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வந்தேன். அந்தக் காய்ச்சல் எந்த மாதம் வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. நான் இவ்வளவு கேவலமானவன் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அவள் சொல்லியிருப்பாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருப்பேன்.

விசில் அடித்தார்கள். மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. வெளியே போகும் வழி கொல்லைக் கதவு. எல்லோரும் வரிசையில் நின்றோம். முன்னால் நின்றவர் “போயிட்டு வாரேம்மா” என்றார். உலகம்மாள் “வாங்க” என்றாள். காப்பியில் விரலை விட்டவர் சொன்னார். அவருக்கும் “வாங்க”. பைக்கார அம்மாள் சொன்னாள். “கண்டிப்பா வாங்க” என்று அவள் கையைப் பிடித்து அனுப்பினாள் உலகம்மாள்.

என் முறை வந்தது.

“போயிட்டு வாரேன்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். “உலகு, போயிட்டு வாரேன்.”

அவள் என்னையே பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“எதுக்கு?” என்றாள்.

 பதில் சொல்லியிருக்க வேண்டும். ஊரில் எத்தனையோ பேர் எதையாவது சொல்லிப் பிழைத்துக்கொள்கிறார்கள். நான் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “இது…” என்றேன். “நாலு ஸ்குரூவும் இருக்கு” என்றேன்.

பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். கொல்லையில் இறங்கிவிட்டேன். கடைசி ஆளும் வந்ததும் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. யாரோ கொண்டுவந்த புதுத் தாழ்ப்பாள். நல்லாப் போட்டிருக்கிறாள். செங்கல் வெளியே கிடந்தது.

தெருமுனையில் அதிகாரி பேனாவோடு காத்திருந்தார்.

“வாங்கன்னு சொன்னாவளா?”

“எதுக்குன்னு கேட்டா.”

“பதில் சொன்னியளா?”

“இல்ல.”

அவர் ஏதோ எழுதி நோட்டை மூடினார். ஆற்றுப் பக்கமிருந்து ஒருவர் வந்து நோட்டை வாங்கிக்கொண்டு போனார். அதிகாரி என்னிடம் இன்னொரு நோட்டை நீட்டினார். சுற்றுலா எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னார். ‘வீடு நன்றாக இருந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஊர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். வெளியூர் என்று போடச் சொன்னார்.

மூன்று மணிச் சைக்கிளில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஏறினேன். தொப்பியை நேராகப் போட்டேன். தபாலாபீஸ், பள்ளிக்கூடம், மரக்கடை, ஆறு. வீடு வந்தது. மணியை ஒரே ஒரு தடவை அடித்தேன்.

உலகம்மாள் வாசலுக்கு வந்தாள்.

“உப்பா?”

“ஆமா” என்றேன்.

“கல்லுப்பா?”

“ஆமா, கல்லுப்பு.”

அவள் முகம் மலர்ந்தது. எத்தனை வருஷமாயிற்று அதைப் பார்த்து. “இருங்க, உப்பு வாங்க ஏனம் எடுத்துட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

நான் கால் ஊன்றவில்லை. விதி அப்படி.