ருசிக்காரியின் இருமல்

"நல்ல நண்டு, கெட்ட நண்டுன்னு எப்படிக்கா கண்டுபிடிப்பீங்க?"

சளிப் பரிசோதனை செய்யும் பெண், டப்பாவில் எண் எழுதிக்கொண்டே சும்மாதான் கேட்டாள். பன்னிரண்டு வருடமாக ஆற்று நண்டு தரம் பிரிக்கிறவளுக்கு, தன் தொழிலைப் பற்றி ஒருத்தி விசாரித்ததே சந்தோஷமாக இருந்தது.

"கூடைக்கு ஒரு நண்டை எடுத்து, காலை ஒடிச்சு உறிஞ்சுவோம். தித்திப்பா இருந்தா முதல் தரம். என் நாக்கு தப்பாது. ருசிக்காரின்னுதான் என்னைக் கூப்பிடுவாங்க."

"பச்சையாவா?"

"பின்னே? கூடைக்குக் கூடை அடுப்பு மூட்டி வேக வெச்சா பார்ப்பாங்க?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "பச்சையா ஏதாச்சும் சாப்பிடுவீங்களான்னு டாக்டர் கேட்டப்போ இல்லைன்னு சொன்னீங்களாமே?"

"அது சாப்பாடாம்மா? வேலை!"

எட்டு மாதமாக இருமல். சளி துருப்பிடித்த நிறத்தில் வந்தது. சில நாள் ரத்தமாகவே வந்தது. காசநோய் என்று நினைத்து ஆறு மாதம் மாத்திரை விழுங்கியும் குறையவில்லை. நண்டு தரம் பிரிக்கும் கொட்டகையில் அவளுடைய தம்ளரை முதலில் ஒதுக்கி வைத்தவள், கூடவே வேலை செய்யும் அவளுடைய நாத்தனார்தான். மேஜையின் நடுவில் உட்கார்ந்திருந்தவளை ஓரத்துக்குத் தள்ளினார்கள். பிறகு கதவருகே. பிறகு, "உடம்பு தேறினா வா" என்று அவளை வீட்டுக்கே அனுப்பிவிட்டார் மேஸ்திரி.

அன்று கொடுத்த சளியில், நுண்ணோக்கி வழியே தெரிந்தவை புழுவின் முட்டைகள். ஆற்று நண்டின் சதைக்குள் இருக்கும் குட்டிப் புழு, குடலைத் துளைத்துக்கொண்டு நுரையீரலில் போய்க் குடியேறிவிடும் என்றார் மருத்துவர். அபூர்வமான நோய். மாத்திரை மூன்றே நாள்தான்.

சில வாரங்களில் இருமல் அடங்கியது. இது தொற்றும் நோயில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளுடன் அவள் கொட்டகைக்குள் நுழைந்தாள்.

மேஸ்திரி எழுந்துவிட்டார். "நோயைத் தூக்கிட்டு உள்ளே வராதே."

"என் மூச்சுல அது பரவாதுண்ணே. உங்க கூடையிலதான் இருக்கு."

"ருசிக்காரிக்கு நாக்கு போயி வாய் வந்துடுச்சுடி!" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் நேராகப் போய் மேஜை நடுவில், தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"ருசி பாக்காம எப்படிம்மா தரம் பிரிக்கிறது?" என்றார் மேஸ்திரி.

"கையில தூக்கிக் கனம் பாருங்க. வயித்துப் பக்கத்து ஓடு கெட்டியா இருக்கான்னு அமுக்கிப் பாருங்க. நாக்குதான் வேணும்னா அடுப்பு நான் கொண்டாரேன், கூடைக்கு ஒண்ணை நல்லா வேக வெச்சுப் பாருங்க. பச்சையா ஒரு சொட்டுகூட இனி என் வாய்க்குள்ளே போகாது. யாரு வாய்க்குள்ளேயும் போக விடவும் மாட்டேன்."

"அப்போ ஒதுக்கி வெச்சதுக்கு எங்க மேலே கோபம். அதானே?" என்றாள் கிண்டல் செய்தவள்.

"கோபம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா என் மேலேயும் தப்பு இருக்கு. வாயில வெச்சதை டாக்டர்கிட்ட சொல்லாம விட்டேன், ஆறு மாசம் வீணாப்போச்சு. இருமறவங்களைத் தள்ளி வெச்சா அவங்க நோயை மறைப்பாங்க. மறைச்ச நோய்தான் ஆளைக் கொல்லும். தம்ளரை மாத்துறதை விட்டுட்டு பழக்கத்தை மாத்துங்க."

எதிரே நாத்தனார் ஒடித்த நண்டுக்காலை உதட்டருகே பிடித்தபடி நின்றிருந்தாள். அதை மெல்லக் கீழே வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்து அண்ணியின் முன் விரித்தாள். துரு நிறத்தில் மூன்று கறைகள்.

ருசிக்காரி கையிலிருந்த மருத்துவமனைத் தாளை நீட்டினாள்.

நாத்தனார் அதை வாங்கிக்கொண்டாள். கையைக் கழுவினாள். மேஸ்திரியைத் தாண்டி, வாசலைக் கடந்து மருத்துவமனைப் பக்கம் நடந்தாள்.