பொலித்தீன் உறை போட்ட சீற்றுகள்

புது வேன் வாங்கி நான்கு மாதமாகியும் கலீலுர் றஹ்மான் சீற்றுகளின் பொலித்தீனைக் கழற்றவில்லை. இது அவருடைய தனிக் கோணல் அல்ல. கிண்ணியாவில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் மற்றவர்கள் என்றைக்காவது ஒருநாள் மனமிரங்கிக் கழற்றிவிடுவார்கள். இவர் அசையவே இல்லை. அரசாங்கம் நிறுத்தியிருந்த வாகன இறக்குமதி எப்போது திறக்கும் என்று ஐந்து வருஷம் வாய்பார்த்திருந்து எடுத்த வேன். உள்ளே இளம்பழுப்பு லெதர். தொட்டுப் பார்க்கக்கூட யாரையும் விடமாட்டார்.

மனைவிக்காகத்தான் வேன் எடுத்தேன் என்பார். அது பொய்யுமில்லை. உம்மு குல்சுமுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் திருகோணமலை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். பஸ்ஸில் போய்வர அவளுக்குத் தெம்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை திரும்பி வரும்போது சீனன்குடாவில் அவளுக்குக் குமட்டியது. கண்ணாடியில் பார்த்த றஹ்மான், "பாத்து புள்ள, சீற்றுல படாம" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவள் முக்காட்டை இழுத்து அதற்குள்ளேயே சத்தியெடுத்து, வீடு வரும்வரை அதை மடியில் பொத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வியாழன் சுபஹு தொழுதுவிட்டு அவர் வந்தபோது அவள் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடாமல் குசினிக் கதிரையில் இருந்தாள்.

"நான் இனி வரல்ல."

"என்ன கதை இது? போகாட்டி மௌத்தாயிருவாய்."

"தெரியும். அந்த வேன்ல ஏற எனக்கு ஏலா. பொலித்தீன் முதுகுல ஒட்டுது. சத்தி வந்திருமோ எண்டு மூச்சு விடவும் பயமா இரிக்கு."

அவள் சண்டை பிடித்திருந்தால் அவரும் கத்தியிருப்பார். சந்தைக்கு வரவில்லை என்பதைப்போல அல்லவா சொன்னாள்!

நேரே வேனுக்குப் போய்ப் பொலித்தீனைக் கிழித்து இழுத்தார். உள்ளே கடற்காற்றின் ஈரம் சிக்கி, தையலோரமெல்லாம் பூஞ்சணம் பூத்திருந்தது. நாலு மாதமாக அவர் பொத்திப் பொத்தி வைத்தது புழுங்கி நாறிக் கிடந்தது. நல்லாய் வேண்டும் அந்த மனிதருக்கு. சவர்க்கார நுரையில் துணியைத் தோய்த்து, ஒட்டப் பிழிந்து, தையல் தையலாகத் துடைத்தார். உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்தார். கதவுகளைத் திறந்து காயவிட்டு, பிறகு லெதர் கிறீமை விரலில் எடுத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தார். நோயாளியின் முதுகு படும் இடத்தில் அவர் கை நின்று நின்று போனது. அழுதுகொண்டுதான் தேய்த்தார்.

எட்டரைக்கு வாசலில் வந்து நின்றார்.

"வா குல்சும். எல்லாத்தையும் கழட்டிட்டன்."

"சத்தி வந்தா?"

"வரட்டும்."

அவள் எழுந்து வந்து ஏறினாள். ஆனால் சாயவில்லை. பிறத்தியார் வீட்டுக்கு வந்தவள்போல சீற்றின் விளிம்பில் இருந்தாள். ஆஸ்பத்திரிவரை அப்படியே வந்தாள். அவரும் சாயச் சொல்லவில்லை.

பின்னேரம் திரும்பும்போது கிண்ணியாப் பாலத்துக்குக் கிட்ட அவளுக்குப் பிரட்டிக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். றஹ்மான் வேனை ஓரங்கட்டி, இறங்கி ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். அதற்குள் விரலிடுக்கால் வழிந்து, இளம்பழுப்பு லெதரெல்லாம் ஆகிவிட்டது. அவர் துணி தேடவில்லை. ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கி, மறு கையால் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

"சீற்று..." என்றாள் அவள், அழுகையோடு.

"கிடக்கட்டும். வயித்தில இரிக்கிற எல்லாத்தையும் எடுத்திரு."

எடுத்து முடிந்ததும் தண்ணீர் கொடுத்தார், வாயைத் துடைத்துவிட்டார். சீற்றை அப்படியே விட்டுவிட்டுப் போய் வேனை எடுத்தார். பாலத்தில் ஏறியதும் கண்ணாடியில் பார்த்தார். அவள் அந்த ஊத்தைக்கு நடுவிலேயே நன்றாகச் சாய்ந்து, கண்ணை மூடியிருந்தாள். நித்திரை என்று நினைத்தார்.

"சனிக்கிழமை எத்தின மணிக்கு வெளிக்கிடணும்?" என்று கேட்டாள்.