சின்னம்மை யாருக்கு வந்தது?

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு இது ஐந்தாம் மாதம். திங்கட்கிழமை காலையில் பள்ளியிலிருந்து அவளுக்கு ஒரு செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை முழுவதும் அவள் மடியை விட்டு இறங்காமல் சிணுங்கிய வாண்டுக்குச் சின்னம்மையாம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மாவை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விட்டாள்.

“சின்ன வயசுல உங்களுக்கு இது வந்திருக்கா?” என்று டாக்டர் கேட்டார். “வந்திருந்தா கவலையே இல்ல. ஒரு தடவை சண்டை போட்ட கிருமியை உடம்பு மறக்காது, திரும்ப வந்தா வாசல்லயே அடிச்சுத் துரத்திடும். வரலைன்னாதான் உங்களுக்கும் குழந்தைக்கும் ஆபத்து. சீக்கிரமா ஒரு ஊசி போடணும்.”

“இவளுக்கு வரவே இல்ல டாக்டர்,” என்று அம்மா அடித்துச் சொன்னாள். “ரெட்டைப் பிள்ளைல இவ இளையவ. மூணு வயசுல பெரியவளுக்குத்தான் வந்துச்சு. கொப்புளத்தைப் பார்த்த உடனே இவளை என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டேன். பத்து நாள் பெரியவ பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.”

அக்காவுக்கு ஃபோன் போட்டார்கள். நான்கே நிமிஷம் மூத்தவள், ஆனால் குரலில் நாற்பது வருஷ அதிகாரம்.

“எனக்கு அம்மையா? சித்தி வீட்டு நாய்க்குட்டி என் மூஞ்சியை நக்கினதுதான் ஞாபகம் இருக்கு.”

“அது வேற தடவைடி. பெத்தவளுக்குத் தெரியாதா?”

டாக்டர் சிரித்துக்கொண்டே சீட்டு எழுதினார். “நீங்க சண்டை போடாதீங்க. ரத்தத்தையே கேட்டுடுவோம்.”

முடிவு வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் டீச்சர் கண்ணாடியே கதி என்று கிடந்தாள். கொசுக்கடி ஒவ்வொன்றும் அம்மையாகத் தெரிந்தது. தன்னைப் பற்றிக்கூட இல்லை, உள்ளே நீந்திக்கொண்டிருந்த உயிரை நினைத்துத்தான் அவ்வளவு பயம்.

புதன்கிழமை டாக்டர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். “ஊசி வேண்டாம். சின்னம்மை உங்களுக்கு எப்பவோ வந்து போயிருக்கு, எதிர்ப்பு சக்தி தாராளமா இருக்கு. இதுல குழந்தைக்கும் பங்கு போகும். பொறந்து கொஞ்ச மாசத்துக்கு அதுதான் காவல்.”

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மாவுக்குத்தான் முகம் வெளிறிப் போயிற்று.

“அப்போ அன்னிக்கு... அய்யோ! ஜுரத்துல அந்தப் பிள்ளை ‘நான் அக்கா இல்லம்மா, நான் அக்கா இல்லம்மா’ன்னு அழுதுக்கிட்டே இருந்துச்சே. பிதற்றுதுன்னுல்ல நினைச்சேன்! ‘ஆமாடி, நீ அக்கா இல்ல, மகாராணி’ன்னு சொல்லி நெத்தியில ஈரத்துணி போட்டேன்.”

டாக்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டீச்சரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் முட்டியது. அக்கா பக்கத்திலேயே இருந்த கதையை அம்மா பெருமையாகச் சொல்லும்போதெல்லாம், தன்னை மட்டும் யார் வீட்டுக்கோ தள்ளிவிட்டார்களே என்று அவளுக்குள் ஒரு சின்ன ஆதங்கம் இருந்துகொண்டே இருந்தது. அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை.

“மன்னிச்சுடுடி,” என்றாள் அம்மா. “எது எதுன்னு தெரியாம போச்சே எனக்கு.”

“போகட்டும்மா,” என்று டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்போ அந்தப் பத்து நாளும் நீ என் பக்கத்துலதான் இருந்திருக்க.”