ஆர்டிஸ் வீட்டுப் பின்பக்கப் பாதை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடத்தைச் சொன்னால் மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். போன குளிர்காலத்தில் எங்கள் வீட்டு செப்டிக் டேங்குக்குப் போகும் குழாய் உறைந்துவிட்டது. மினசோட்டாவின் வடகோடியில், எங்கள் ஏரிக்கரைச் சாலையில், வருடா வருடம் யாராவது ஒருவருக்கு இது நடக்கும். நீராவி விட்டு அடைப்பை உருக்கியவர் போகிறபோக்கில் சொன்னார்: "பனியை மிதிக்காதீங்க, மண்ணுக்கு அதுதான் போர்வை. மிதிச்ச எடத்துலதான் குளிரு உள்ள எறங்கும்."

அவர் வண்டி கிளம்புவதற்குள் எனக்குக் கதை வந்துவிட்டது. ஒருவரைப் பார்க்க ஆசையாக நடந்து நடந்தே, அவர் வீட்டுக் குழாயை ஒருவர் உறைய வைத்துவிட்டால்?

2

முதல் தொடக்கம்: வெண்பட்டு விரித்தாற்போல் பனி [அடித்துவிட்டேன். இத்தனை வருடம் பனி வாரிய இடுப்புக்குத் தெரியும், அது பட்டா இல்லையா என்று.]

இரண்டாவது: தனிமையில் வாடிய ஆர்டிஸ் [பொய். அவள் வாடுகிற ரகமே இல்லை.]

மூன்றாவது: ஆர்டிஸ் வீட்டுக் குளியல் தொட்டி களக் களக் என்று சத்தம் போட்டது.

இது இருக்கட்டும். கீழே குழாய் உறைந்தால் தொட்டி அப்படித்தான் சத்தம் போடும்.

ஆர்டிஸுக்கு அறுபது தாண்டிவிட்டது. கணவர் இல்லை. பின்பக்கத்து வீட்டு டெல்மருக்கு மனைவி இல்லை. அவர் தினமும் மதியத்துக்கு மேல் தோட்டத்தைக் கடந்து காப்பிக்கு வருவார். இரண்டு ஆட்டம் சீட்டு, ஏரியில் பனிக்கட்டி எவ்வளவு கெட்டி என்று கொஞ்சம் பேச்சு, அவ்வளவுதான். சாலை வழியாக மட்டும் வரமாட்டார். சாலை முனையில் அவருடைய மச்சினி லவான் வீடு. அவள் குடித்தனமே சன்னலோரத்தில்தான்.

அவர் நடந்து நடந்து தோட்டத்தில் ஒரு பாதை விழுந்துவிட்டது. ஆர்டிஸ் அதில் வழுக்கிவிடக் கூடாதே என்று பனியை வேறு சுத்தமாக வாரி வைப்பார். அந்தப் பாதைக்கு நேர் கீழேதான் அவள் வீட்டு செப்டிக் டேங்குக் குழாய் ஓடியது.

3

"யாருங்க இந்த வழியா நடக்கறது?" என்றார் நீராவிக்காரர். "கொழாய்க்கு மேலயே ரோடு போட்டு வச்சிருக்காங்க!"

"மானு," என்றாள் ஆர்டிஸ்.

"பூட்ஸ் போட்ட மானா?"

ஆர்டிஸ் ஏரியைப் பார்த்தாள்.

"அந்த மான்கிட்ட சொல்லிடுங்க, இனி இங்க பனி விழுந்தபடி கெடக்கணும். மேல வைக்கோலையும் பரப்புங்க. அப்புறம், ஒத்தை ஆளு பொழங்குற சுடுதண்ணி, கொழாய் ஒறையாம இருக்கப் பத்தாது. மறுபடி ஒறைஞ்சா வீட்டைப் பூட்டிட்டு யார் வீட்டுக்காவது போக வேண்டியதுதான்."

அரிசோனாவில் மகள் ஏற்கெனவே ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். இந்தச் சாலையிலிருந்து அப்படி மகள் வீட்டுக்குப் போன யாரும் திரும்பி வந்ததில்லை. ஆர்டிஸுக்குப் பயமாக இருந்தது.

4

அன்று மதியம் கதவைத் திறந்ததும் சொல்லிவிட்டாள்.*

"டெல்மர், இனிமே தோட்டத்து வழியா வர வேணாம்."

"ஓ." டெல்மர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "பரவால்லைங்க. எனக்கும் வேலை கெடக்கு."

[ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கமாட்டார். கேட்டால் எதிராளிக்குச் சங்கடமாகிவிடுமோ என்று தன் சங்கடத்தை வீட்டுக்கு எடுத்துப்போவதுதான் இந்த ஊர் வழக்கம். காரணத்தை அவளாவது சொல்லியிருக்கலாம். கக்கூஸ் குழாய்ப் பேச்சை அவரிடம் எப்படி எடுப்பாள்?]

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஆர்டிஸ் வைக்கோல் பரப்பினாள். பனி விழுந்து பாதை மூடிக்கொண்டது. குழாய்க்கு நல்லதுதான். அவளுக்குத்தான் மதியமானால் என்ன செய்வதென்று தெரியவில்லை. சீட்டுக்கட்டை எடுத்துக் கலைத்துவிட்டுத் திரும்ப வைப்பாள்.

*இவர்கள் மொழியில் நீயும் ஒன்றுதான், நீங்களும் ஒன்றுதான். எனக்குத்தான் தவிப்பு. இப்போதைக்கு 'நீங்க' என்றே இருக்கட்டும், இருவரும் கூச்சக்காரர்கள்.

5

இங்கே அவளைத் தொலைபேசியை எடுக்க வைத்தேன். எடுப்பாளா என்று எனக்கே சந்தேகம். தொட்டி மறுபடி லேசாகக் களக் என்றது. எடுத்துவிட்டாள்.

"டெல்மர், துணியெல்லாம் எங்க தொவைக்கறீங்க?"

"வீட்டுலதான். ஏன்?"

"இனிமே இங்க கொண்டாந்து தொவைங்க. என் கொழாய்க்குச் சுடுதண்ணி பத்தலை. நீங்க மிதிச்ச பாதைக்குக் கீழதான் அது ஒறைஞ்சு கெடந்துச்சு."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அப்போ... அதுக்காகத்தான் வர வேணாம்னீங்களா?"

"தோட்டத்து வழியா வேணாம்னேன். ரோடு எதுக்கு இருக்கு?"

"ரோட்டுல லவான்..."

"பாத்துட்டுப் போறா. வேணும்னா அவ துணியையும் வாங்கிட்டு வாங்க."

6

டெல்மர் இப்போது சாலையில் நிற்கிறார், பட்டப்பகலில், கையில் துணிக்கூடையோடு. லவான் வீட்டுத் திரை அசைகிறது.

உங்களில் விவரமானவர்கள் கேட்பீர்கள்: துணியெல்லாம் இங்கே வந்துவிட்டால், அங்கே டெல்மர் வீட்டுக் குழாய் உறையாதா?

உறையும். அவர்கள் இருவர் புழங்கும் சுடுதண்ணீர் ஒரு வீட்டுக்குத்தான் காணும். எழுத ஆரம்பித்தபோது இது எனக்கே தெரியாது.

ஒரு பிரதியில், கூடைக்குள் துணிக்கு அடியில் அவருடைய தலையணையை வைத்தேன். அவசரப்படுகிறேனோ என்று எடுத்துவிட்டேன். லவான் வீட்டைத் தாண்ட இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கிறது. வைப்பதானால் நீங்கள் வையுங்கள்.