சமையலறை இரண்டு அங்குலம் இறங்கிய கதை

1

இந்தக் கதை பிறந்த விதத்தில் பெருமைப்பட எதுவுமில்லை. திண்டிவனத்தில் என் வீட்டுச் சமையலறையின் தென்கிழக்கு மூலை, ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது. அடுப்பில் வைத்த ரசம் ஒரு பக்கமாகவே பொங்குகிறது. விழுப்புரத்திலிருந்து வந்த இன்ஜினியர், மூலையைத் தோண்டி நாலு பில்லர் இறக்கி கான்கிரீட் பெல்ட் கட்ட வேண்டும் என்றார். செலவு நாலு லட்சத்து முப்பதாயிரம். ஒரு கதைக்குப் பத்திரிகையில் எண்ணூறு ரூபாய் தருகிறார்கள். ஐந்நூற்று முப்பத்தெட்டு கதைகள் எழுதினால் வீடு நிமிர்ந்துவிடும். இது முதலாவது.

2

தொடக்கத்துக்கு மூன்று முயற்சிகள்.

"சீனுவாசனின் வீடு மெல்ல மெல்லப் பூமிக்குள்..." (சீனுவாசன் என்று யாரும் இல்லை, நான்தான். பேய்க்கதை வாடை வேறு அடிக்கிறது.)

"ஒரு காலத்தில் மல்லாட்டையும் கேப்பையும் விளைந்து, பிறகு மஞ்சள் கல் நட்டு மனைகளாகப் பிரிக்கப்பட்டு, அதன் பிறகு..." (இந்த வாக்கியம் முடிவதற்குள், பஸ்ஸில் படிக்கிறவர் செங்கல்பட்டைத் தாண்டிவிடுவார்.)

"மாரியப்பன் ஒரு மோசமான மேஸ்திரி."

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தவள் தேவகி. என் மனைவி, என் முதல் வாசகி. நான் எதை எழுதினாலும் அவள் படித்த பிறகுதான் தபாலில் சேரும்.

"இதான் கரெக்டு. இதையே வைங்க. ஒரு எழுத்த மாத்தாதீங்க," என்றாள்.

3

எனக்கு இந்தக் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் இருக்கிறது.

மாரியப்பன் ஓமந்தூர்க்காரர். எட்டு வருடத்துக்கு முன் இந்த வீட்டைக் கட்டியவர். மூன்றாம் வருடமே சுவரில் விரிசல் விழுந்தது. சிமெண்டைத் தின்றுவிட்டான், கம்பியைத் தின்றுவிட்டான் என்று தேவகி சொல்லாத கல்யாண வீடு இல்லை. கண்டமங்கலத்தில் அவள் தம்பி வீட்டு வேலை அவர் கையை விட்டுப் போனது. அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாம் போயின. இப்போது புதுச்சேரியில் வேறொரு மேஸ்திரியிடம் தினக்கூலிக்குப் போகிறார். கெட்டவனாக எழுத வேண்டுமென்றால் அவருக்கு ஒரு புல்லட்டாவது கொடுக்க வேண்டும். அவரிடம் இருப்பது பெடல் ஒடிந்த சைக்கிள். (கதைக்கு உதவாத விவரம். அடித்துவிடலாம். இருக்கட்டும்.)

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் நாலு பேரை வைத்துப் பேசி, செலவில் பாதியை மாரியப்பனிடம் வாங்குவது என்று தேவகி ஏற்பாடு செய்துவிட்டாள். அவரிடம் இருப்பது முக்கால் காணி நிலம். அதை விற்றால்தான் முடியும். அதற்கு முன் தானே தோண்டிப் பார்த்துவிடுவதாகச் சொல்லி, புதன்கிழமை காலை அவர் கடப்பாரையுடன் வந்தார். தேவகி அப்போது பாங்குக்குப் போயிருந்தாள்.

4

"ரைட்டர் சார், கொஞ்சம் இங்க வாங்க."*

இடுப்பளவுக் குழிக்குள் நின்றிருந்தார். அவர் முழங்காலுக்குப் பக்கத்தில், அஸ்திவாரத்துக்கு அடியில், செங்கல் வரிசை ஒன்று வளைந்து போனது.

"கெணறு சார். தூர்த்த கெணறு. அது மேலதான் கடக்கால் போட்டுக்கீறோம்."

"அப்படியா?" என்றேன்.

"அன்னிக்கே கேட்டனே சார், மண்ணு லூசாகீதே, இங்க இன்னா இருந்துச்சுன்னு. கேப்பைக் கொல்லை, எரு போட்ட மண்ணு அப்டித்தான் இருக்கும்னு சொன்னீங்க."

நான் செங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்குத் தெரியும், இல்ல சார்?"

* எங்கள் ஊரில் பத்திரம் எழுதுகிறவர்தான் ரைட்டர். நான் முப்பது வருடமாகப் பத்திர எழுத்தர். கதை எழுதுவது தேவகியைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பத்திரத்தை நம்ப மாட்டார்கள்.

5

தெரியும்.

மனை தேவகி பெயரில், அவள் நகையை விற்று வாங்கியது. கிரயப் பத்திரத்தை நானே எழுதினேன். தாய்ப்பத்திரத்தில் "மேற்படி நிலத்திலுள்ள செங்கல் கிணறு ஒன்று" என்று ஒரு வரி இருந்தது. கிணற்றைத் தூர்த்த இடத்தில் குடித்தனம் செய்தால் உருப்படாது என்பது தேவகி வீட்டு நம்பிக்கை. அந்த இடமோ ஒன்றரை லட்சம் மலிவு. புதுப் பத்திரத்தில் அந்த ஒரு வரியை விட்டுவிட்டேன். வாழ்க்கையில் நான் செய்த மிகக் கச்சிதமான எடிட்டிங் அது. யாருமே கண்டுபிடிக்கவில்லை.

வீடு கட்டும்போது தேவகி, அடுப்பு அக்கினி மூலையில்தான் இருக்க வேண்டும் என்றாள். கிணறு இருந்ததும் சரியாக அங்கேதான். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். நல்ல யோசனை என்று சொன்னேன். விரிசல் விழுந்த பிறகு ஐந்து வருடம் அவள் ஒரு மனிதரைத் திட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாரியப்பன் குழியிலிருந்து ஏறி வந்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"நானே சரி பண்ணித் தர்றேன் சார். எனக்குக் கூலி வாணாம், சாமான் வாங்கிக் குடுங்க. எங்க போனாலும், ரைட்டர் வூட்டக் கட்டினவன்தானேன்னு கேட்டுக்கினு இருக்காங்க. அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா சாக்கு சொல்றான்னுவாங்க."

முடிவுகள்:

(அ) தேவகி வந்ததும் "ஐயோ, கிணறா!" என்று நான் அலறுகிறேன். மனையை விற்றவனைத் திட்டுகிறோம். அவன் செத்து நாலு வருடம் ஆகிறது, மறுத்துப் பேச மாட்டான்.

(ஆ) மாரியப்பன் கையில் ஐம்பதாயிரத்தைக் கொடுத்துக் குழியை மூடச்... (இதை எழுதும்போது கை கூசுகிறது.)

(இ) வாயால் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. வழக்கம்போல எழுதியதைக் கொடுக்கிறேன்.

6

இது வேறு தாள். முன் ஐந்து பகுதிகளும் தேவகி கையில் இருக்கின்றன. உள்ளே படித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் பகுதியில் சிரித்தது கேட்டது. பிறகு கேட்கவில்லை.

இப்போது போனில் பேசுகிறாள். வழக்கத்தைவிட மெதுவான குரல்.

"ஞாயித்துக்கெழம கண்டிப்பா வந்துடுங்கண்ணே. மாரியப்பனையும் நானே வரச் சொல்றேன். அவரு உங்க பக்கத்துல உக்காரட்டும். கேள்வி கேக்க வேண்டியது வேற ஆள. எங்க வூட்டுக்காரர்தான்."

பெரியவர்கள் நாலு பேர், பத்து மணிக்கு. உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். முழுக்கப் படித்தவர் நீங்கள் ஒருவர்தான். வந்து, எனக்கு என்ன தண்டம் என்று சொல்லுங்கள்.